ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானொலி: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: 16 நவம்பர் 2024

தேவகோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பில் பத்துப் பேருக்காவது வானொலி ஒலிபரப்பு கற்றுத் தர வேண்டும் என்று ஆசை. கையில் இருப்பவை என் கைப்பேசியும் பள்ளியின் பழைய மைக்செட்டும்தான். சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு மாணவன் காட்டினான். அதை வாங்கிவிட்டால் ஊர் முழுக்கக் கேட்கும், பிள்ளைகளுக்கும் உற்சாகம் வரும். ஒலிபரப்புக் கருவி இருந்தால்தான் அது வானொலி, இல்லாவிட்டால் வெறும் பேச்சுப் பயிற்சி என்பது என் எண்ணம். வானொலியில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

16 நவம்பர், இரவு

வாங்காதீர்கள், தம்பி. ஊருக்குக் கேட்கும் அளவில் அலைபரப்ப உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் செய்தால் குற்றம். பள்ளிக்கூடம் என்பதால் விட்டுவிட மாட்டார்கள். பீகாரில் மன்சூர்பூர் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த இளைஞர் ஒருவர், கையால் செய்த கருவியை வைத்துச் சுற்றுவட்டாரம் முழுவதும் கேட்கும்படி எஃப்.எம். நடத்தினார். ஊரே அவரைக் கொண்டாடியது. 2006இல் மூடிவிட்டார்கள். உங்கள் மாணவனுக்கு அந்த அனுபவம் வேண்டாம்.

திருச்சி வானொலியில் பதினோரு ஆண்டுகள் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தேன். இப்போது பள்ளத்தூரில் இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலைகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நான் ‘ரேடியோ அத்தை’. எங்களிடமும் டிரான்ஸ்மிட்டர் கிடையாது.

கருவி இருந்தால்தான் வானொலி என்கிறீர்கள். காது இருந்தால்தான் வானொலி என்கிறேன் நான். முதல் மாதம் ஒரு பிள்ளையையும் மைக் முன்னால் உட்காரவைக்காதீர்கள். திண்ணையில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூன்று நிமிடம் கேட்கவிடுங்கள். பிறகு கேட்டதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் ஒரு பையன் எழுதியது: “பஸ், காக்கா, யாரோ பேசினார்கள்.” நான்காம் வாரம் அதே பையன் எழுதியது: “பஸ் நிற்காமல் போனது. தண்ணீர்க் குடம் ஒன்று நிறைந்து வழிகிறது, யாரும் குழாயை மூடவில்லை. எதிர்வீட்டு ஆச்சி செருப்பில்லாமல் நடக்கிறார்கள்.” இவனிடம் மைக்கைக் கொடுக்கலாம்.

17 நவம்பர், காலை

அலைவரிசை அரசாங்கத்தின் சொத்து, நமக்கெல்லாம் எங்கே தரப்போகிறார்கள் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. அலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அரசாங்கத்தின் வேலை அதை ஒழுங்குபடுத்துவது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த வழி பிறந்தது. 2002இல் அண்ணா பல்கலைக்கழகம் முதலில் தொடங்கியது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. நமக்குக் கிட்டத்தில் பாம்பனில் மீனவர்களுக்காக ‘கடல் ஓசை’ 2016 முதல் 90.4இல் ஒலிக்கிறது.

அளவு தெரிந்துகொள்ளுங்கள். சமுதாய வானொலிக்கு 100 வாட் திறன், 30 மீட்டருக்குள் ஆன்டெனா உயரம். சமதரையில் சுமார் 10 கிலோமீட்டர் போகும். காரைக்குடியில் ஒன்று வைத்தால் கோட்டையூரும் அரியக்குடியும் அடங்கிவிடும், குன்றக்குடி விளிம்பில் நிற்கும். அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள் பேச வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கமும்: நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும்.

17 நவம்பர், மதியம்

காலையில் அவசரத்தில் ஆண்டைக் கலந்துவிட்டேன். கல்வி நிறுவனங்களுக்கு வழிவிட்ட கொள்கை வந்தது 2002. அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது 2004 பிப்ரவரி 1. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சரியாகச் சொல்லுங்கள்.

23 நவம்பர்

எந்த அறையில் பதிவு செய்வது என்று தம்பி கேட்டிருக்கிறார். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் செட்டிநாட்டுப் பகுதியில் இது தனிப் பிரச்சினை.

இரண்டாம் ஆண்டு, உறவினர் ஒருவரின் பெரிய வீட்டை வாரம் ஒருநாள் திறந்துவிட்டார்கள். கலியாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடு. முகப்பைத் தாண்டினால் வளவு என்கிற நடு முற்றம், பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். கையை வைத்தால் கண்ணாடி போல வழுக்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஸ்டூடியோ என்றால் இதுதான் என்று எனக்கும் தோன்றியது. நாற்பது நிமிடம் பதிவு செய்தோம். வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்கு வழவழப்பாக இருக்கிற சுவரும் தரையும் ஒலியை உள்ளே வாங்காது. அப்படியே திருப்பி அடிக்கும்.

மறுவாரம் பிள்ளைகளையே விட்டு வீடு முழுக்கக் கை தட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு தட்டு, பிறகு அமைதி, எவ்வளவு நேரம் ஒலி தங்குகிறது என்று கவனிக்க வேண்டும். முகப்பில் தங்கியது, வளவில் சுற்றியது, அடுப்படியில் கணீரென்றது. வளவை ஒட்டிய ஓர் உள் அறையில் தட்டிய ஒலி தட்டிய இடத்திலேயே செத்தது. கலியாணத்துக்கு வாங்கிய மெத்தைகளையும் ஜமுக்காளங்களையும் தலையணைகளையும் கூரை வரை அடுக்கிவைத்த அறை. ஜன்னல் கிடையாது. எங்கள் ஸ்டூடியோ அன்றிலிருந்து அதுதான். மெத்தை அடுக்கைப் பார்த்து முகம் இருக்கும்படி ஸ்டூலைப் போட்டு, முன்னால் மேசையில் கனத்த போர்வையை விரித்துவிட்டால் போதும். மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பதால் ஒரு பதிவு இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. வேர்த்து வெளியே ஓடிவந்து தண்ணீர் குடிப்பார்கள், அடுத்தவர் உள்ளே போவார்.

உங்கள் பள்ளியில் நூலக அறை இருந்தால் புத்தக அலமாரிகளுக்கு நடுவில் தட்டிப் பாருங்கள். விளையாட்டுப் பாய்கள் போட்டுவைக்கும் அறையும் நல்லது. வகுப்பறை வேண்டவே வேண்டாம்.

மைக், அதாவது உங்கள் கைப்பேசி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கன்னப் பக்கம் சற்று ஒதுங்கி இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று வந்து முட்டும். சோதிக்க நம் ஊர்ப் பெயர்களே இருக்கின்றன: பள்ளத்தூர், புதுவயல், பிள்ளையார்பட்டி. மூன்றும் முட்டாமல் பதிவானால் மைக் சரியான இடத்தில் இருக்கிறது.

7 டிசம்பர்

முதல் மாதம் பேசவே விடாதே என்றால் பிள்ளைகள் நின்றுவிட மாட்டார்களா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். மூன்று வாரமாக அந்தக் கேள்வி மனத்தில் கிடக்கிறது. உண்மைதான். போன ஆண்டு இரண்டு பேர் நின்றார்கள். இந்த ஆண்டு மூன்றாம் வாரத்திலேயே பேசவிட்டேன். ஒரு மாதம் என்று நான் எழுதியதை இரண்டு வாரம் என்று திருத்திக்கொள்ளுங்கள். கேட்கும் பயிற்சியை மட்டும் விடக்கூடாது. அது கடைசி வரை நடக்க வேண்டும்.

உச்சரிப்புக்கு வருகிறேன். நகரத்தார் சமூகத்தின் கோயில்கள் ஒன்பதின் ஊர்களையும் வரிசையாகச் சொல்லச் சொல்வேன்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ள, ல, ர, ண எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. ழகரம் இல்லையே என்று ஒரு பெண் கண்டுபிடித்தாள். அதற்குக் கீழச்செவல்பட்டியைச் சேர்த்தோம். றகரத்துக்கு ஆறாவயல். பதினோரு ஊரையும் ஒரே மூச்சில், நிதானமாக. பாடப்புத்தகத்து வாக்கியங்களைவிட இது நன்றாக ஏறுகிறது. இவை பிள்ளைகள் பஸ் பலகையில் தினமும் பார்க்கும் பெயர்கள்.

8 டிசம்பர்

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். சொல்லாமல் இருக்கக் கூடாது.

முதல் ஆண்டு ஒரு பெண் வந்தாள். நல்ல கனமான குரல், கதை சொல்லும் திறமை. ழகரம் வராது, வாளப்பளம் என்பாள். வானொலி நிலையத்தில் எனக்குக் குரல் தேர்வு நடத்தியவர்கள் எப்படித் திருத்தினார்களோ அப்படியே அவளையும் திருத்தினேன். ஒரு நிமிடக் கதைக்குள் ஏழு முறை நிறுத்தினேன். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அவளுடைய அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, “இவளுக்குப் பேசவே வராது என்று நீங்கள் சொல்லிவிட்டீர்களாமே” என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஏழு முறை நிறுத்தினால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அப்படித்தான் கேட்கும்.

திரும்ப வரவழைத்தேன். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் குரலையே ஹெட்போனில் போட்டு, கதையின் எழுத்துப்படியையும் ஒரு பென்சிலையும் கொடுத்து, எங்கே சரியில்லையோ வட்டம் போடு என்றேன். அரைமணி நேரம் உட்கார்ந்தாள். ஒன்பது வட்டங்கள். என்னுடைய ஏழும் அதில் இருந்தன. கூடுதலாக இரண்டு: ஓரிடத்தில் மூச்சு வாங்கியது கேட்கிறது, ஓரிடத்தில் பயந்துகொண்டே சொன்னது கேட்கிறது. அந்த இரண்டையும் நான் கவனிக்கவே இல்லை.

அன்றிலிருந்து யாரையும் பாதியில் நிறுத்துவதில்லை. தம்பி, நீங்கள் தமிழாசிரியர். உங்களுக்கு இது கடினமாக இருக்கும். ஆனாலும் நிறுத்தாதீர்கள்.

8 டிசம்பர், மாலை

அப்படியானால் வட்டார வழக்கையும் திருத்துவீர்களா என்று கேட்கிறவர்களுக்கு: மாட்டேன். ழகரம் வேறு, வழக்கு வேறு. ஒரு பையன் வீட்டுச் சமையலைப் பற்றி எழுதிவந்த எழுத்துப்படியில் ‘துணைக்கறி’ என்றிருந்தது. வீட்டில் என்ன சொல்வாய் என்றேன். ‘வெஞ்சனம்’ என்றான். அதையே எழுதச் சொன்னேன். அப்பத்தா, ஆயா, அயித்தை, கொட்டான், வெஞ்சனம் எல்லாம் அப்படியே இருக்கட்டும், தெளிவாக ஒலிக்கட்டும்.

28 டிசம்பர்

அரையாண்டு விடுமுறை. ஆறு பேரை அழைத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனேன். தரைக்கல் செய்கிற பட்டறை ஒன்றில் உட்கார அனுமதி கிடைத்தது. ஓசைகளைக் கொண்டே சொல்லும் ஒலிச்சித்திரம் தயாரிக்க வேண்டும், மூன்று நிமிடம், விளக்கம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

முதலில் ஒரு பெண் பதிவு செய்துகொண்டு வந்ததில் அவள் குரல்தான் நிறைய: “மிகவும் அழகான பூ வடிவம், பச்சை நிறம், சிவப்பு நிறம்.” வானொலிக்குப் பச்சையும் சிவப்பும் எப்படித் தெரியும்? இங்கே ஒலி எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து வந்து, “அத்தை, இங்கே ஒலியே இல்லை” என்றாள். பாதி உண்மை. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றுகிறார் கைவேலைக்காரர். அதில் ஒலி இல்லை. அதன்மேல் உலர்ந்த சிமெண்டுக் கலவையைத் தூவும்போது மழை தொடங்குவது போலச் சின்னச் சரசரப்பு. பிறகு கெட்டிக் கலவையை வைத்து அழுத்தும்போது ஒரு தொப்பென்ற ஓசை, கரண்டி அச்சின் விளிம்பில் வழிக்கும்போது கீச்சென்ற ஓசை. மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. தண்ணீரில் நாள் கணக்கில் ஊறித்தான் கல் இறுகுகிறது.

கடைசியில் கண்ணாடி கல்லிலிருந்து விடுபடும் நேரம். ஒரு ‘டக்’. நகத்தால் மேசையைத் தட்டுவது போல, அவ்வளவுதான். அந்த ஓசைக்காக அவள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு இருபது நிமிடம் காத்திருந்தாள். முதல் இரண்டு ‘டக்’ லாரி ஹார்னில் போய்விட்டன. மூன்றாவது கிடைத்தது. அந்த நிகழ்ச்சி இப்போது அந்த ‘டக்’கில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஒரு வரி: “இந்த ஓசை வந்துவிட்டால் கல் தயார்.”

கை தட்டிப் பார்த்த பெரிய வீட்டின் தரை முழுக்க இந்தக் கல்தான் என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அவர்களுக்கு உறைத்தது. நம் குரலைக் கெடுத்த கல்லுக்கா விளம்பரம் செய்துவிட்டு வந்தோம் என்று ஒருவன் சொல்ல, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள்.

4 ஜனவரி 2025

எழுத்துப்படி வேண்டுமா, வேண்டாமா?

தென்கச்சி கோ. சுவாமிநாதன் ‘இன்று ஒரு தகவல்’ பேசும்போது பக்கத்துத் திண்ணையிலிருந்து பேசுவது போலவே இருக்கும். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் முதல் ஆண்டுகளில் எழுதாதே, பேசு என்பதே என் பாடம். அதில் ஒரு விபத்து நடந்தது. பள்ளி ஒலிபெருக்கியில் உள்ளூர்த் தகவல் சொன்ன பையன், மின்தடை செவ்வாய்க்கிழமை என்பதைப் புதன்கிழமை என்று சொல்லிவிட்டான். வீட்டில் போய்ச் சொன்ன பிள்ளைகளை நம்பி ஓர் அம்மா, செவ்வாய்க்கிழமை அரைத்துக்கொள்ளலாம் என்று மாவு அரைக்காமல் விட்டுவைத்தார்கள். மறுநாள் ஈர அரிசியோடு பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். அந்தப் பையன் மூன்று நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பெயர், நாள், நேரம், எண், இடம் ஆகியவற்றை எழுதியே ஆக வேண்டும். எண்களை எழுத்தில் எழுத வேண்டும். யாருக்கான செய்தியோ அவர்களை முதலில் கூப்பிட வேண்டும்: “புதுவயல் காரர்களே” என்று சொன்ன பிறகுதான் புதுவயல்காரருக்குக் காது திறக்கும். நேரத்தை இரண்டு முறை சொல்ல வேண்டும். கேட்கிறவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. மூச்சு வாங்கும் இடத்தில் சாய்கோடு. எங்கள் பிள்ளைகள் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 சொற்கள். உங்கள் பிள்ளைகளை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கதையும் உரையாடலும் எழுதாமல் வரட்டும்.

18 ஜனவரி

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு அப்பாவோடு போன பையன் ஒருவன், யாரும் சொல்லாமலேயே நேர்முக வர்ணனை பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறான். பதினோரு நிமிடம். இன்று எல்லோரும் கேட்டோம். கூட்டத்தின் இரைச்சல், அதற்குமேல் இவன் தொண்டை கிழிய: “காளை வருகிறது, வருகிறது, வந்துவிட்டது, ஆ, போய்விட்டது!” இதுவே பதினோரு நிமிடமும்.

பிள்ளைகள் அவனைக் கேள்வி கேட்டார்கள், நான் சும்மா இருந்தேன். என்ன நிறம்? மயிலையா, செவலையா, காரியா? கொம்பு எப்படி வளைந்திருந்தது? பொட்டலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? நீ எங்கே நின்றாய், உயரத்திலா, தரையிலா? எல்லாவற்றுக்கும் அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. புலிக்குளம் மாடு ஒன்று கூட்டத்துக்குள் வந்து சட்டென நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, யாரையும் முட்டாமல் நடந்தே போனதாம். அதைச் சொல்லும்போது அவன் குரல் தானாகத் தாழ்ந்தது, அறையில் எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். இதையல்லவா அங்கே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். “அங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள் அத்தை” என்றான்.

இதற்கு என்ன பதில் சொல்ல? வராத ஒருவரை மனத்தில் வைத்துக்கொள் என்றேன். கால் உடைந்து வீட்டில் இருக்கும் அவனுடைய ஐயாவை, அதாவது தாத்தாவை. அடுத்த வாரம் அதே மஞ்சுவிரட்டை ஐயாவுக்காக நினைவிலிருந்து மறுபடி சொல்லப்போகிறான்.

19 ஜனவரி

நடுவில் ஒரு சின்ன விலகல். மெட்ராஸில் வானொலி அரசாங்கத்திலிருந்து தொடங்கவில்லை. 1924இல் கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் நண்பர்களும் சென்னை மாகாண வானொலிக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் நடந்தது. பணமில்லாமல் 1927இல் நின்றுபோனது. கருவியை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930இல் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனில், திருச்சி நிலையம் 1939 மே மாதத்தில். ஆர்வலர்கள் நாலு பேர் கூடித்தான் இதை ஆரம்பித்தார்கள் என்று சொன்னபோது பிள்ளைகளின் முகம் மாறியது. உங்கள் வகுப்பிலும் சொல்லிப் பாருங்கள், தம்பி.

1 பிப்ரவரி

பெரியவர்களைப் பதிவு செய்யும் முறை பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள்.

நம் ஊர்களில் கதைக்குப் பஞ்சமில்லை. கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போன ஐயாக்கள், ரங்கூனிலும் மோல்மேனிலும் பினாங்கிலும் கடைப் பெட்டியடியில் வளர்ந்தவர்கள், 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பங்கள். பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் “பர்மா நன்றாக இருந்ததா?” என்பதுதான். “இருந்தது” என்று பதில் வரும், பேட்டி முடிந்துவிடும். “கடிதம் வந்தால் வீட்டில் யார் படிப்பார்கள்?” என்று கேட்டால் அரைமணி நேரம் ஓடும்.

போன மாதம் இரண்டு பெண்கள் ஓர் ஆச்சியைப் பதிவு செய்தார்கள். வளவில் உட்கார்ந்து பேசினார்கள். எதிரொலி இருந்தது, கிணற்றுச் சகடை கிரீச்சிட்டது, குருவிகள் வேறு. நவம்பரில் வளவை வேண்டாம் என்றேன். இப்போது மாற்றிச் சொல்கிறேன்: செய்தி வாசிக்க வளவு உதவாது. ஆச்சி பேச அதுவே சரி. அவர்கள் குரல் அறுபது ஆண்டுகளாக அந்த வளவில்தான் ஒலித்திருக்கிறது. மெத்தை அறையில் உட்காரவைத்திருந்தால் வேறு யாரோ போலக் கேட்டிருப்பார்கள்.

பேச்சின் நடுவே ஆச்சி குடும்பத்து விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டார்கள். அது என்னவென்று இங்கேயும் எழுதமாட்டேன். பிள்ளைகள் துள்ளிக்கொண்டு வந்தார்கள், இதுதான் நிகழ்ச்சியின் உயிர் என்று. மறுநாள் காலையில் ஆச்சி ஆளனுப்பினார்கள்: “அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.”

ஒரு மணி நேரம் வாதம். பெயரில்லாமல் போடலாமே என்றான் ஒருவன். அந்தத் தெருவில் எத்தனை வீடு என்று அந்தப் பெண்களில் ஒருத்தி கேட்டாள். பதினெட்டு. பெயர் எதற்கு, குரலே போதுமே என்றாள். நீக்கினார்கள். வேறு இடத்தில் பிரதி இருக்கிறதா என்று தேடி அதையும் அழித்தார்கள். மூன்று நிமிடம் பத்து வினாடி போனது. பிறகு இருவரும் ஆச்சி வீட்டுக்குப் போய், மீதியைப் போட்டுக் காட்டினார்கள். ஆச்சி முழுவதும் கேட்டுவிட்டு, “என் குரல் என் ஆத்தா குரல் மாதிரி இருக்கிறது” என்றார்களாம். வரும்போது ஆளுக்கு ஓர் ஓலைக் கொட்டானில் சீயம் என்ற பலகாரம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

பதிவுக்கு முன்னால் அனுமதி, பதிவுக்குப் பின்னால் இன்னொரு முறை அனுமதி. மாணவர்களின் குரலை வெளியே அனுப்புவதானால் பெற்றோரிடமும் கேளுங்கள்.

13 பிப்ரவரி

உலக வானொலி நாள். பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் ஒன்றில் மதிய இடைவேளையில், மரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளில், பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி. மைக்செட்காரர் வாடகை வாங்கவில்லை. ‘டக்’ ஓசை, ஆச்சி, ஐயாவுக்கான மஞ்சுவிரட்டு, ஊர்த் தகவல்.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது: பள்ளியின் குடிநீர்க் குழாய்களில் மூன்றில் பல வாரங்களாகத் தண்ணீர் வரவில்லை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எடுத்த பேட்டி. தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அதை எடுத்துவிடச் சொன்னார்கள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். எடுத்துவிட்டோம். எனக்கு இன்னும் நெஞ்சு கொதிக்கிறது. வேறெதுவும் எழுதும் நிலையில் இல்லை.

15 பிப்ரவரி

இரண்டு நாள் யோசித்த பிறகு: எடுக்கச் சொன்னது தவறு என்பதில் மாற்றமில்லை. ஆனால் எங்கள் பக்கமும் ஒரு குறை இருந்தது. குழாய் வரவில்லை என்று நாலு பிள்ளைகள் சொல்கிறார்கள். ஏன் வரவில்லை என்று பொறுப்பில் இருப்பவரிடம் நாங்கள் மைக்கை நீட்டவே இல்லை. வானொலியில் இருந்த நாளில் இதைச் செய்யாமல் ஒரு பதிவையும் மேலே அனுப்பியிருக்க மாட்டேன். இவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தவறினேன்.

இன்று பிள்ளைகளில் இருவர் அலுவலக அறைக்குப் போய், பொறுப்பில் இருப்பவரிடம் அனுமதி கேட்டு, ஒன்றரை நிமிடம் பதிவு செய்தார்கள். மோட்டாரில் பழுது, ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை, திங்கட்கிழமைக்குள் சரியாகும். நாள் குறித்து ஒலிப்பதிவில் சொல்லிவிட்டார்.

20 பிப்ரவரி

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தது. அந்த ஓசையையும் பதிவு செய்து சேர்த்திருக்கிறார்கள். முழு நிகழ்ச்சியும் நேற்று மதியம் ஒலிபரப்பானது.

8 மார்ச்

தம்பி, நீங்கள் அனுப்பிய மூன்று நிமிடப் பதிவைக் கேட்டேன். நூலக அறை நல்ல தேர்வு. முதல் பையன் ‘ஆறாவயல்’ நன்றாகச் சொல்கிறான். இரண்டாமவன் கைப்பேசியைக் கையில் பிடித்திருக்கிறான், விரல் உராய்வது கேட்கிறது. புத்தகத்தின்மேல் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள்.

வயலில் நின்று தன் அம்மாவிடம் பேசும் அந்தப் பெண் யார்? பின்னால் பம்புசெட் ஓடுகிறது. அதற்குமேல் கேட்பதற்காகச் சத்தமாகப் பேசுகிறாள். ஒரு நிமிடம் நாற்பதாவது வினாடியில் பம்புசெட் நிற்கிறது. அடுத்த சொல்லிலேயே அவள் குரல் பாதியாகத் தணிகிறது. அம்மாவின் குரல் இன்னும் உயரத்திலேயே இருக்கிறது. ஒரு வாக்கியம் கழித்துத்தான் இறங்குகிறது. ஐந்து முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

ஹெட்போன் வயர் அறுந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்களே. என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, காது முழுக்க மூடும் வகை. வரும் சனிக்கிழமை தேவகோட்டைக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலில் அவளிடம் கொடுங்கள்.